ஐயர் கீர்த்தனை

மேடையில் வீற்றிருக்கும் நாதலய இசை மன்றத் தலைவர் மகாராஜன் அண்ணாச்சி அவர்களே! ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் குழல் ஜெர்சோனுக்கு அஞ்சலிக் கூட்டம் என்று கேட்டவுடன் பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ் ஏறி வந்துவிட்ட எபினேசர் ஐயர் அவர்களே! குருவிகுளத்து வில்லிசைக் கலைஞர் பேச்சி அம்மா அவர்களே! கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் ஷாஜித் பாய் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெர்சோனின் துணைவியார் ஞானபாக்கியம் அம்மா அவர்களே, மகள் ஜெபிதா அவர்களே! இந்த மண்டபம் கொள்ளாமல் வாசலிலும் படியிலும் நிற்கிற சபையோர்களே!

சபையோர்களே என்றதும் இரண்டு பக்கமும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். இடது பக்கம் இருப்பவர்களுக்குச் சபை என்றால் தேவாலய மணி அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைச் சபை. வலது பக்கம் இருப்பவர்களுக்குச் சபை என்றால் கச்சேரி கேட்கிற சபை. ஜெர்சோன் மட்டும் இப்போது இங்கே இருந்திருந்தால், "எந்தச் சபையச் சொல்லுதீரு வே, விவரமாச் சொல்லும்!" என்று என் காதுக்குள் கேட்டிருப்பான். கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலக் குழலைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

குழலிசைச் செம்மல் சு. ஜெர்சோன் அவர்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறோம். அப்படித்தான் பேச வேண்டும் என்று வீட்டில் எழுதிக்கூடக் கொண்டுவந்தேன். ஆனால் முப்பது வருஷம் வே, ஏலே என்று பழகிய வாய்க்கு 'அவர்கள்' வரமாட்டேன் என்கிறது. ஞானபாக்கியம் அம்மா அனுமதித்தால் அவன் என்றே சொல்லிவிடுகிறேன். அம்மா தலையை ஆட்டிவிட்டார்கள். நன்றி.

என்னை உங்களுக்குத் தெரியும். சங்கரசுப்பிரமணியன். பிழைப்புக்கு மளிகைக் கடை, பிழைத்திருப்பதற்கு மிருதங்கம். மேடையில் ஜெர்சோனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தவன். என்னை எதற்கு இங்கே பேசக் கூப்பிட்டீர்கள்? அவன் பெருமையைச் சொல்லக் கூப்பிட்டீர்கள். சொல்லுகிறேன். ஆனால் நான் வந்தது அதற்கு மட்டும் இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு மைக்குக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பதினோரு வருஷம் ஜெர்சோனுக்குச் சொந்த ஊரில் மேடை இல்லாமல் போயிற்று. இன்றைக்கு இன்னொரு மைக்கைப் பிடித்திருக்கிறேன். அதைத் திருத்திவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

பெரியவர்களுக்குக் கதை பாதி தெரியும். இளையவர்கள் முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்சோனின் அப்பா சுவிசேஷமுத்து அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மகனைக் கடையில் உட்காரச் சொன்னால் உட்காருவான், ஆனால் கை டயரில் இருக்காது, குழலில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பான். மற்ற நாளில் வானொலியில் என்ன கேட்கிறானோ அதை வாசிப்பான். யாரோ ஒருவர் மன்றத்துக்கு வந்து, "அந்தச் சைக்கிள் கடைப் பையன் குழல் வாசிக்கான், கேட்டா நகர மாட்டீங்க" என்று சொல்ல, அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாக் கச்சேரியில் அவனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. மிருதங்கம் நான். அதற்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து வாசித்ததே இல்லை.

மாலை ஆறு மணிக்குப் பந்தல் நிரம்பிவிட்டது. முதல் உருப்படி நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது இன்னும் நன்றாகப் போயிற்று. அன்றைய தலைவர், காலமாகிவிட்ட பெரிய மனிதர், இசையில் உயிரையே வைத்திருந்தவர், அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முன்வரிசையிலிருந்தே கையைத் தூக்கிச் சொன்னார். "தம்பி! அடுத்து நல்லதா ஒரு கீர்த்தனை வாசிங்க!"

இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஜெர்சோன் பிறந்த வீட்டில் கீர்த்தனை என்றால் என்ன அர்த்தம்? இடது பக்கம் இருக்கிற உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பையில் எடுத்துப் போகிற பாட்டுப் புத்தகத்தில், மேலே ராகமும் தாளமும் அச்சிட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வரிசையாக இருக்கிறதே, அதற்குப் பெயர் கீர்த்தனை. வேறு கீர்த்தனை உலகத்தில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவற்றை அவன் உருப்படி என்பான், கிருதி என்பான். கீர்த்தனை என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் அவன் கைக்கு வருவது ஒன்றுதான்.

பாவம், அவனுக்கு ஆச்சரியம். தலைவர் ஐயாவே நம்ம பாட்டைக் கேட்கிறாரே என்று முகமெல்லாம் பூத்துப்போயிற்று. ஆனந்தபைரவியில் எடுத்தான் பாருங்கள் ஒரு கீர்த்தனை! பந்தலே அசையவில்லை. பின்வரிசையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வடை போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார். இது யாருடைய பாட்டு, எந்தச் சாமி பாட்டு என்று யாராவது கேட்டார்களா? எப்படிக் கேட்பார்கள்? குழலுக்குத்தான் வார்த்தை கிடையாதே!

பந்தலில் அது என்ன பாட்டு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஜெர்சோன். இன்னொருவன் நான்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஆறு வருஷம் தினமும் காலைப் பிரேயரில் நின்று பாடிய பாட்டு அது. எனக்கு அர்த்தம் தெரியும், அடி தெரியும், அதில் இருக்கிற ஒரு கோணலும் தெரியும். அந்தக் கோணலைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் காலால் மிதித்துக் காற்று நிரப்புகிற பழைய பெட்டி. அதில் எங்கேயோ ஓட்டை. சரணம் முடிவதற்குள் காற்று தீர்ந்துவிடும். ஆகையால் பல்லவிக்குத் திரும்பும் முன்னால் சார் இரண்டு மிதி மிதிப்பார். அந்த இரண்டு எண்ணிக்கைக்கு நாங்கள் முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். புத்தகத்தில் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான்.

அதே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பல வருஷம் முன்னால் படித்துவிட்டு, இந்த ஊர்ச் சபைக்கு ஊழியத்துக்கு வந்தவர்தான், இதோ மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிற எபினேசர் ஐயர். ஓட்டை ஆர்மோனியத்தின் நிறுத்தத்தையும் சேர்த்தே அவர் இங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஜெர்சோனும் அதைப் பாட்டின் பகுதி என்றே நம்பினான்.

அன்று அவன் முதல் சரணத்தை முடித்தான். குழலை நிறுத்தினான். அதே நொடியில் என் கையும் நின்றது. அவன் கண்ணால் சைகை காட்டவில்லை, நான் அவனைப் பார்க்கவும் இல்லை. ஒன்று, இரண்டு. பல்லவி! இருவரும் ஒன்றாக விழுந்தோம். பந்தலில் எழுந்த கைதட்டலைச் சொல்லி முடியாது. 'எத்தனை நாள் ஒத்திகையோ' என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஜெர்சோன் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

பாட்டு முடிந்ததும் தலைவர் பொன்னாடையோடு மேடை ஏறிவிட்டார். போர்த்திவிட்டு, ஊருக்கே கேட்கட்டும் என்று மைக்கைப் பிடித்துக் கேட்டார். "இப்படி ஒரு ஆனந்தபைரவி நான் கேட்டதில்லை. யாருகிட்ட தம்பி பாடம்?"

"எங்க ஐயருகிட்ட" என்றான் ஜெர்சோன்.

தலைவருக்குப் பரம திருப்தி. "பாத்தீங்களா! ஐயருகிட்ட பாடமாம்! வாசிப்புலயே தெரியுதே! எந்த ஐயரு தம்பி? தஞ்சாவூரா, கும்பகோணமா?"

"இல்லீங்கய்யா. நம்ம ஊருதான். எபினேசர் ஐயரு."

சிரிக்கிறீர்கள். இன்று சிரிக்கலாம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம் என்பது தலைவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் முகம் கறுத்தது. தபசுப் பந்தலில், ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்டு, தலையாட்டி, கைதட்டி, பொன்னாடையும் போர்த்தி முடிந்த பிறகு அல்லவா விஷயம் வெளியே வருகிறது! தன்னை வேண்டுமென்றே ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். ஜெர்சோன் திகைத்துப்போய், "ஐயா, நீங்கதானே கீர்த்தனை வாசிக்கச் சொன்னீங்க?" என்றான். அது உண்மையாகத்தான் கேட்டான். கேட்டவர்கள் காதில் கிண்டலாக விழுந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "ஏம்வே சங்கரசுப்பு, ஒத்திகை பாத்த மாதிரில வாசிச்சீரு. இது இன்ன பாட்டுன்னு உமக்குத் தெரியுமாவே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'தெரியும் ஐயா. நல்ல பாட்டு. நானும் ஆறு வருஷம் பாடியிருக்கிறேன். நாங்கள் பேசிவைத்து வாசிக்கவில்லை. கீர்த்தனை என்ற ஒரு சொல்லால் வந்த வினை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சிரிப்போடு முடிந்திருக்கும். ஜெர்சோன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் மிருதங்கத்தைப் பார்த்தேன்.

"தெரியாது" என்றேன்.

ஒரே ஒரு சொல்! அந்த வருஷம் எனக்குத் தபசில் நான்கு கச்சேரி. அதற்குப் பயந்தேன். வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய்.

மறுநாளே மன்றத்தில் அவன் பெயரை அடித்தார்கள். அங்கே அடித்ததாவது ஒரு பக்கம். மறுபக்கம் பாருங்கள். சபைக் கமிட்டியிலும் கூட்டம் போட்டார்கள். "ஆண்டவரு பாட்டக் கொண்டுபோயித் திருவிழாவுல வாசிச்சுட்டான்" என்று அங்கேயும் அவனைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவனுக்காகப் பேசக்கூடிய எபினேசர் ஐயருக்கு அடுத்த மாதமே மாற்றல் வந்துவிட்டது. ஒரே பாட்டு, ஒரே சாயங்காலம், இரண்டு சபையிலும் இடமில்லை! இப்படி ஒரு சாதனையை வேறு எந்த வித்வானாவது செய்திருக்கிறாரா?

ஒன்று சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊரில் இது நடந்தது? பாதி சங்கரர், பாதி நாராயணர் என்று ஒரே திருமேனியில் நிற்கிற ஊரில் நடந்தது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றதே இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத்தானே! அந்தத் தவத்தைக் கொண்டாடப் போட்ட பந்தலில் உட்கார்ந்துகொண்டு நாம் ஒரு குழலைப் பார்த்து 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்டோம். நான் அதற்கும் ஒத்து ஊதினேன்.

வேறொருவனாக இருந்தால் குழலைப் பரணில் போட்டுவிட்டு டயர் விற்கப் போயிருப்பான். ஜெர்சோன் என்ன செய்தான்? இரண்டு கதவு சாத்தினால் மூன்றாவது கதவைத் தட்டினான். பேச்சி அம்மாவிடம் போனான்.

அம்மா, நீங்களே சொல்லலாம், ஆனாலும் நான் சொல்லுகிறேன். குருவிகுளம் பக்கத்தில் ஒரு கோயில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டில் ஏது குழல்? வில்லு உண்டு, குடம் உண்டு, உடுக்கை உண்டு. "ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன், இடைஞ்சல் பண்ண மாட்டேன்" என்றானாம். உட்கார்ந்தான். பேச்சி அம்மா கதை சொல்லச் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட வேண்டும் அல்லவா? அன்று பார்த்துப் பின்பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஜெர்சோன் குழலை எடுத்து இரண்டே சுரத்தில் 'ஆமா' என்றான். குழல் 'ஆமா' சொல்லுகிறது! கூட்டம் ஆர்ப்பரித்துவிட்டது. துக்கமான இடத்தில் ஒரு ஆமா, கேலியான இடத்தில் ஒரு ஆமா, சந்தேகப்படுகிற இடத்தில் இழுத்து ஒரு ஆமா. பேச்சி அம்மா வில்லைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, "ஏ மக்கா, இனிமே நீதான் எனக்குப் பின்பாட்டு!" என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள். ஐந்து வருஷம் அந்தக் கரிசல் காட்டில் அவன் வாசிக்காத கொடை கிடையாது. வார்த்தை இல்லாத கருவியை வைத்துக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

பிறகு கடையநல்லூர். ஷாஜித் பாய் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு, தங்கை நிக்காஹ் விருந்துக்கு இவனை வாசிக்க அழைத்தார். தஃப் என்கிற கைப்பறை அடிக்கிறவர்களோடு ஒரு மணி நேரம் வாசித்தான். கேட்ட பெரியவர் ஒருவர், "மாஷா அல்லாஹ், இவன இங்கன வச்சிருக்கப்பிடாது, கூட்டிட்டுப் போ" என்று ஷாஜித் பாயிடம் சொன்னாராம். கூட்டிக்கொண்டு போய்விட்டார்!

துபாயில் ஒரு பெரிய மேடை. ஒரு பக்கம் சாக்ஸபோன் வாசிக்கிற வெள்ளைக்காரர், ஜாஸ் இசைக்காரர். இன்னொரு பக்கம் நம் சைக்கிள் கடை ஜெர்சோன். ஒத்திகையில் வெள்ளைக்காரர், உனக்கு நாலு பார், எனக்கு நாலு பார் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். இவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷாஜித் பாயைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "ஏ பாய், நா குடிக்க மாட்டேன்னு அவருகிட்டச் சொல்லும். ஒரு பாருக்கே போனதில்ல, நாலு பாருக்குக் கூப்பிடுதாரு!" என்றான். ஷாஜித் பாய் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "அது ஆவர்த்தனம் வே! ஆளுக்கு நாலு ஆவர்த்தனம் மாத்தி மாத்தி வாசிக்கணும்" என்று விளக்கினார்.

ஆவர்த்தனம் என்று சொன்ன பிறகு நம் ஆள் விடுவானா? வெள்ளைக்காரர் நாலு வாசித்தார், இவன் நாலு வாசித்தான். அவர் இரண்டாகக் குறைத்தார், இவனும் குறைத்தான். ஒன்று, அரை, கால்! கடைசியில் அந்த மனிதர் சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு இவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஜெர்மனி போனான், பிரான்ஸ் போனான், சினிமாப் பாட்டுக்கு வாசித்தான், தேவாலயத்துப் பெரிய ஆர்கனோடு வாசித்தான், நாகஸ்வரத்தோடு வாசித்தான். எங்கே போனாலும் கச்சேரியில் மூன்றாவது உருப்படி என்ன? அந்த ஆனந்தபைரவிதான். அதே நிறுத்தத்தோடு! கூட வாசித்த எல்லா ஊர்க்காரர்களுக்கும் அந்த ஓட்டை ஆர்மோனியத்தின் இரண்டு எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தான்.

ஊரில் என்ன நடந்தது? இதுதான் எனக்குப் பிடித்த இடம். பெரியவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள், ஆனால் கேட்டவர்கள் காதை என்ன செய்ய முடியும்? அடுத்த வருஷத் தபசில் வெளியூர் வித்வான் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'ஐயர் கீர்த்தனை வாசிக்கவும்.' அவர் என்னைக் கேட்டார், "இது எந்த ஐயருங்க?" நான் மிருதங்க வாரை இழுக்கிறது போல தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வருஷம் மூன்று சீட்டு. அதற்கடுத்த வருஷம் ஏழு. பூக்கட்டுகிற பெண்களும் தறி ஓட்டுகிறவர்களும் எழுதிய சீட்டு. வந்த வித்வான்கள் எல்லாம் குழம்பிப்போய்த் தங்களுக்குத் தெரிந்த எல்லா ஐயர்களின் பாட்டையும் வாசித்துப் பார்த்தார்கள். "இது இல்ல, இது இல்ல" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். பதினோரு வருஷம், சபையோர்களே! பதினோரு வருஷம் இந்த ஊர் விடாமல் சீட்டு அனுப்பியது.

பதினோராவது வருஷம் வந்த சீட்டில் ஒன்று அழகான கையெழுத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்து. தலைவருடையது! நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வாரம் அவரே சுவிசேஷமுத்து அண்ணாச்சி கடைக்கு நடந்து போய், "மகன வரச் சொல்லும். எனக்கும் வயசாகுது, இன்னொருக்கக் கேக்கணும்" என்றார். அவர் மனசும் பெரிய மனசு. மறக்கக் கூடாது.

அடுத்த தபசுக்கு ஜெர்சோன் வந்தான். பந்தல் போதாமல் வீதி முழுக்க ஆள். முன்வரிசையில் தலைவர். அவர் பக்கத்து நாற்காலியில், மாற்றலாகிப் போன ஊரிலிருந்து வந்த எபினேசர் ஐயர். அந்த ஐயர் இவர்தான் என்று அன்றுதான் ஊர் பார்த்தது. பின்னால் சபைக் கமிட்டிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மறு ஞாயிற்றுக்கிழமையே அவனைத் திரும்பப் பாடகர் குழுவில் உட்காரவைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிருதங்கத்துக்கு யார் வேண்டும் என்று மன்றத்தில் கேட்டபோது அவன் என் பெயரைச் சொல்லியிருந்தான். மூன்றாவது உருப்படி வந்தது. சுருதி பார்ப்பது போல என் பக்கம் குனிந்தான். மைக்குக்குக் கேட்காமல் கேட்டான்.

"இது இன்ன பாட்டுன்னு தெரியுமாவே?"

எனக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கு மாதிரியே, "தெரியாது" என்றேன். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தெரியாதவன் கை எப்படிவே அந்த நிறுத்தத்துல நின்னுச்சு? அன்னைக்கே எனக்குத் தெரியும். உம்ம வாய்தான் பொய் சொல்லிச்சு, கை சொல்லலல்லா. போதும், வாசியும்!"

அவ்வளவுதான். திட்டவில்லை, மன்னித்தேன் என்று பெரிய வார்த்தையும் சொல்லவில்லை. குழலை உதட்டில் வைத்துவிட்டான். அன்று நான் கண்ணீரோடு வாசித்தேன் என்பதை இத்தனை வருஷம் வியர்வை என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறேன்.

அதிலிருந்து முப்பது தபசு. ஒவ்வொரு வருஷமும் மூன்றாவது உருப்படிக்கு முன்னால் அவன் குனிந்து கேட்பான், "தெரியுமாவே?" நான் சொல்லுவேன், "தெரியாது." இருவரும் சிரிப்போம். நாங்கள் ஏதோ தாளக் கணக்குப் பேசுகிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். விளையாட்டாகப் போயிற்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொய்யை மைக்கில் சொன்னேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது உண்மையை மைக்கில் சொன்னேனா? இல்லை. அவனும் சொல்லச் சொல்லி ஒரு நாளும் கேட்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். பேச்சு குறைந்துவிட்டது. ஞானபாக்கியம் அம்மாவும் ஜெபிதாவும் பக்கத்தில் இருந்தார்கள். என் கையை இழுத்துக் கட்டில் கம்பியில் வைத்தான். தன் விரலால் ஒரு சரணத்துக்குத் தாளம் தட்டினான். நிறுத்தினான். என் விரலும் நின்றது. கண்ணைச் சிமிட்டினான். "தெரியுமாவே?" என்றான். நான் வழக்கம் போல, "தெரியாது" என்றேன். சிரித்தான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது. கடையைப் பூட்டக்கூட மறந்து ஓடினேன்.

சபையோர்களே! இரண்டு சபையோர்களே! இப்போது சொல்லுகிறேன், மைக்கில் சொல்லுகிறேன், இந்தத் தெரு முழுக்கக் கேட்கட்டும்.

தெரியும்! அது இன்ன பாட்டு என்று எனக்குத் தெரியும்! அது கிறிஸ்தவக் கீர்த்தனை. ஆறு வருஷம் நின்று பாடியிருக்கிறேன். ஜெர்சோன் யாரையும் ஏமாற்றவில்லை. கீர்த்தனை கேட்டார்கள், கீர்த்தனை வாசித்தான். பயந்தவன் நான். பொய் சொன்னவன் நான். மேடையை இழந்தவன் அவன். அந்த இழப்பை எடுத்துக்கொண்டு உலகத்தையே மேடையாக்கித் திரும்பி வந்தவனும் அவன்தான்!

மகாராஜன் அண்ணாச்சி, உங்களிடம் ஒரு விண்ணப்பம். முப்பது வருஷமாகத் தபசு நோட்டீஸில் 'மூன்றாவது உருப்படி' என்று மட்டும்தான் அச்சிடுகிறோம். பெயர் போடுவதில்லை. இந்த வருஷம் அந்தப் பாட்டின் முதல் வரியைப் போட வேண்டும். ராகம், தாளம் போட வேண்டும். கிறிஸ்தவக் கீர்த்தனை என்றே போட வேண்டும். அப்பாவிடமே குழல் படித்த ஜெபிதா வாசிப்பாள். அப்பாவின் குழலில், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து வாசிக்க நேற்று சம்மதம் சொல்லிவிட்டாள். வலது பக்கம் நான் உட்காருவேன். எனக்குக் கை ஓடுகிற வரை ஒரு தபசும் அந்தக் கீர்த்தனை இல்லாமல் போகாது. கை ஓய்ந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து சீட்டு அனுப்புவேன். பேச்சி அம்மா அதே மேடையில் வில்லுப்பாட்டுச் சொல்லுவார்கள், ஷாஜித் பாய் தஃப் குழுவைக் கூட்டி வருவார். சம்மதமா அண்ணாச்சி? அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்கள்! இதற்கு மேல் என்ன தீர்மானம் வேண்டும்?

நிகழ்ச்சி நிரலில் அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று இருக்கிறது. இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் ஜெர்சோனுக்குப் பிடிக்காது. அவனுக்குத் தெரிந்த மௌனம் இரண்டே எண்ணிக்கைதான். ஆகையால் இப்படிச் செய்வோம். ஜெபிதா, குழலை எடும்மா. நான் மிருதங்கத்துக்குப் போகிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். வார்த்தை தெரிந்தவர்கள் பாடுங்கள். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இசைத்தால் போதும். முப்பது வருஷம் கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு வராமல் போகாது. சரணம் முடிந்ததும் எல்லோரும் நிறுத்த வேண்டும். அதுதான் நம் மௌன அஞ்சலி.

ஒன்று, இரண்டு. அதற்கு மேல் ஒரு நொடிகூட வேண்டாம். பல்லவிக்குத் திரும்பிவிடுவோம்.

கேளும்வே ஜெர்சோன். தெரியும்.